அப்புச்சியின் அடுப்பும் மேட்டூர் கொதிகலனும்: வெப்பத்தைச் சேமித்து வைக்க முடியுமா?

ஜேடர்பாளையம் பக்கத்தில் என் அப்புச்சிக்கு ஒரு கரும்பாலை இருந்தது. பள்ளிக்கூட லீவு விட்டால் எனக்கு அங்கேதான் ஜாகை. சாயங்காலம் கடைசிக் கொப்பரையை இறக்கியதும் அடுப்புக்குச் சக்கை போடுவதை நிறுத்திடுவாங்க. தீ அணைஞ்சிடும், ஆனா அடுப்பு ஆறாது. ராத்திரி ஒன்பது மணிக்கு அதில் குச்சிக்கிழங்கைத் தள்ளிவிட்டால் தூங்கப் போறதுக்குள்ள வெந்திருக்கும். விடிகாலையில் அம்மாயி அதே அடுப்பின் மேல் அண்டாவை வைத்துக் குளிக்கத் தண்ணி காய வைப்பார். விறகு எதுவும் கிடையாது. "இன்னும் ரெண்டு நேரத்துக்குத் தாங்கும் கண்ணு" என்பார் அப்புச்சி.

போன மாசம் ஒரு நண்பரோடு மேட்டூர் போயிருந்தபோது அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார்: "மத்தியானம்தான் சோலார் கரண்டு கொட்டுதே, இதை அந்த நேரத்துல நிறுத்திட்டு சாயங்காலம் ஓட்டினா என்ன?" கேள்வி எளிமையானது. பதில் தேடப் போனால் 1930கள் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

தண்ணீர் இருக்கிறது, நேரம் நம் கையில் இல்லை

மேட்டூர் அணை 1934-ல் திறக்கப்பட்டது. முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. 1937-ல் அணையின் அடிவாரத்து மின்நிலையம் ஓட ஆரம்பித்தது. மெட்ராஸ் மாகாணத்தில் அதற்கு முன்பு வந்த பெரிய நீர்மின் நிலையம் நீலகிரியில் இருக்கும் பைக்காரா, 1932. மேட்டூரில் மின்சாரம் கிடைக்கும் என்பதை நம்பித்தான் 1936-ல் இங்கே ரசாயன ஆலை வந்தது. பின்னாடி அலுமினிய ஆலையும் வந்தது. 1960களின் நடுவில் சுரங்க மின்நிலையம் சேர்ந்தது, 200 மெகாவாட். 1980களின் கடைசியிலிருந்து செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை என்று ஆற்றின் போக்கில் கதவணை மின்நிலையங்கள் வரிசையாக வந்தன.

இவ்வளவு பெரிய ஏரி இருக்கே, வேணுங்கும்போது திறந்து கரண்டு எடுத்துக்க வேண்டியதுதானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். அந்தத் தண்ணீர் தஞ்சை டெல்டா நெல்லுக்காகத் தேக்கியது. ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 மூடல் என்பது வழக்கம். பாசனத்துக்குத் திறக்கும்போது போகிற போக்கில் சுழலியையும் சுற்றிவிட்டுப் போகும், அவ்வளவுதான். மின்சாரத்துக்காக என்று தனியாகத் திறக்க முடியாது. பிப்ரவரி முதல் மே வரை, அதாவது வெயில் காலத்தில், பெரும்பாலும் மேட்டூரின் நீர்மின்சாரத்தை நம்பி இருக்க முடியாது.

மென்பொருள் ஆளாக இருப்பதால் எனக்கு இதை இப்படித்தான் பார்க்கத் தோன்றுகிறது: பெரிய பஃபர் இருக்கிறது, ஆனால் அதன் கட்டுப்பாடு வேற ஒரு புரோகிராமிடம் இருக்கிறது.

நிலக்கரி வந்த கதை

இந்த ஓட்டையை அடைக்க வந்தது நிலக்கரி. எண்ணூர் 1970-ல் வந்தது. தூத்துக்குடி 1979-ல் தொடங்கியது. மேட்டூர் அனல்மின் நிலையத்தில் தலா 210 மெகாவாட் கொண்ட நான்கு அலகுகள் 1987 முதல் 1990 வரை ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கின. மொத்தம் 840 மெகாவாட். 2013-ல் 600 மெகாவாட் அலகு ஒன்று கூடுதலாகச் சேர்ந்தது.

மற்ற இரண்டும் கடலோரத்தில் இருப்பவை. மேட்டூர் உள்நாட்டில் இருக்கிறது. ஒடிசாவில் வெட்டிய நிலக்கரி ரயிலில் பாரதீப் துறைமுகம் போய், கப்பலில் எண்ணூர் வந்து, மறுபடி ரயில் ஏறி மேட்டூர் வந்து சேரும். அத்தனை தூரம் சுமந்துகொண்டு வந்து இங்கே ஏன் வைத்தார்கள் என்றால் தண்ணீர் இருந்தது, ஏற்கெனவே மின்கம்பிப் பாதைகள் இருந்தன, சேலம், ஈரோடு, கோவை என்று தேவையும் பக்கத்திலேயே இருந்தது.

இந்தக் கதைக்கு முக்கியமான விஷயம் ஒன்று. 1980களில் இந்த அலகுகளை வடிவமைத்தவர்கள் மனதில் இருந்தது ஒரே ஒரு ஓட்டம்தான். பற்ற வைத்தால் பராமரிப்புக்கு நிறுத்தும் வரை முழு வேகத்தில் ஓட வேண்டும். ஏறி இறங்கும் வேலை நீர்மின் நிலையங்களுக்கு. 1987-க்குப் பிறகு ஓட ஆரம்பித்த ஆனைமலையின் 400 மெகாவாட் காடம்பாறை நிலையம் இந்த ஏற்பாட்டின் உச்சம். ராத்திரி மிச்சமாகும் மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, சாயங்காலம் கீழே விட்டு மின்சாரம் எடுக்கும்.

எங்க வீட்டுத் தறி

அப்பா குமாரபாளையத்தில் எட்டு விசைத்தறி வைத்திருந்தார். 2008-ல் ஆரம்பித்த மின்வெட்டு 2012 வாக்கில் எங்கள் பக்கத்தில் பாதி நாளைத் தின்றுகொண்டிருந்தது. தறி நின்றால் கூலி நிற்கும். தறி ஓட்டுகிற அண்ணன் ஒருத்தர் கரண்டு வர்ற நேரத்தை எதிர்பார்த்துத் தறிக்குப் பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுத்துக் கிடப்பார். ராத்திரி ரெண்டு மணிக்கு லைட் எரிந்தால் எழுந்து ஓட்டுவார். நான் அப்போ பெங்களூரில் ஏசி அறையில் உட்கார்ந்து கோட் எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா போனில், "ஏம்ப்பா, எத்தனை யூனிட்டுன்னு கணக்கு சொல்றாங்களே, எப்ப வரும்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்களே" என்றார்.

மொத்த அளவு ஒரு கணக்கு, நேரம் இன்னொரு கணக்கு. அந்த ரெண்டாவது கணக்குதான் இந்தக் கட்டுரையின் விஷயமே.

பற்றாக்குறை போய் நேரக்குறை வந்தது

பத்துப் பன்னிரண்டு வருடத்தில் நிலைமை தலைகீழ். தமிழ்நாட்டில் காற்றாலைப் பண்ணை முதலில் வந்தது 1986-ல், தூத்துக்குடி பக்கத்தில். அப்புறம் முப்பந்தல், பல்லடம், உடுமலை என்று பரவியது. 2016-ல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. அதன் பிறகு கூரைகளிலும் தரிசு நிலங்களிலும் பலகைகள் பெருகிவிட்டன. மாநிலத்தின் உச்ச மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த வெயில் காலத்து மத்தியானங்களில் சூரியன் பெரும்பங்கு தூக்கியது. ஆனால் ஆறரை மணிக்கு அது கடையைக் கட்டிவிடும். ஏழு மணிக்குத்தான் நம் வீடுகளில் விளக்கும் டிவியும் ஏசியும் ஒன்றாக உயிர் பெறும்.

ஆக, நிலக்கரி நிலையம் மத்தியானம் பம்ம வேண்டும், சாயங்காலம் பாய வேண்டும். இதற்கு விதிகளும் வந்துவிட்டன. 2016-ல் மத்திய அரசு நிலையங்களுக்கு, தேவை இல்லாதபோது 55 சதவீதம் வரை இறங்கி ஓட வேண்டும் என்று வந்தது. 2018-ல் உத்தரப்பிரதேசத்தின் தாத்ரியில் 490 மெகாவாட் அலகு ஒன்றை 40 சதவீதம் வரை இறக்கிச் சோதித்துப் பார்த்தார்கள். 2023 ஜனவரியில் மத்திய மின்சார ஆணையம் எல்லா நிலக்கரி அலகுகளுக்கும் சேர்த்து விதி கொண்டுவந்தது: முதலில் 55, பிறகு கட்டம் கட்டமாக 40 சதவீதம். ஏறி இறங்கும் வேகமும் அதில் இருக்கிறது. 70 சதவீதத்துக்கு மேல் நிமிடத்துக்கு 3 சதவீதம், 55 முதல் 70 வரை 2 சதவீதம், அதற்குக் கீழே 1 சதவீதம்.

மேட்டூரின் 210 மெகாவாட் அலகுக்கு இதைப் போட்டுப் பாருங்க. 55 சதவீதம் என்றால் சுமார் 115 மெகாவாட். 40 சதவீதம் என்றால் 84. இந்த 31 மெகாவாட் இடைவெளிதான் கஷ்டமான பகுதி.

இறங்கினால் என்ன ஆகும்?

சுடுதண்ணியைக் கண்ணாடி டம்ளரில் சட்டென்று ஊற்றினால் விரிசல் விடும். உள்பக்கம் சூடாகி விரியும், வெளிப்பக்கம் இன்னும் விரிந்திருக்காது. கண்ணாடி எவ்வளவு தடிமனோ அவ்வளவு ஆபத்து. கொதிகலனின் நீராவி உருளையும் சுழலியின் தண்டும் தடித்த எஃகு. நீராவி 150 மடங்கு காற்றழுத்தத்தில் சுமார் 540 டிகிரியில் வருகிறது. தினமும் சூட்டை ஏற்றி இறக்கினால் எஃகு உடனே உடையாது. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒரு நாள் ஒடிகிற மாதிரி, உள்ளுக்குள் களைத்துப் போகும். முப்பத்தைந்து வயதைத் தாண்டிய இயந்திரத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. குழாயில் ஓட்டை விழுந்தால் அலகையே நிறுத்தித்தான் சரி செய்ய வேண்டும். அந்தக் குழாய்களுக்குப் பக்கத்தில் வேலை பார்ப்பவர்கள் நம் ஊர்ப் பையன்கள்.

தவிர, குறைந்த சுமையில் உலைக்குள் தீ நிலையாக நிற்காது. அணையாமல் காக்க எண்ணெய் ஊற்ற வேண்டி வரும். ஒரு யூனிட்டுக்கு ஆகும் நிலக்கரியும் கூடும். ஒரேயடியாக நிறுத்தலாம் என்றால், ஆறிப்போன அலகைத் திரும்ப முழு வேகத்துக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் பிடிக்கும். நண்பர் கேட்ட கேள்விக்கு நேரடிப் பதில் இதுதான்.

மாற்று வழி? தீயைச் சீராக எரியவிட்டு, மத்தியானம் மிஞ்சும் வெப்பத்தை எங்காவது வைத்துக்கொள்வது. அப்புச்சியின் அடுப்பு செய்ததும் அதைத்தானே.

பெர்லின், 1929

இது புது யோசனை என்று நினைத்தேன். இல்லை. சுவீடன் பொறியாளர் யோஹன்னஸ் ரூத்ஸ் 1910களிலேயே இதைச் செய்தார். அவர் கண் முன்னால் இருந்தவை காகிதக்கூழ் ஆலைகள். அங்கே நீராவித் தேவை சீராக இருக்காது, திடீர் திடீரென்று ஏறும். கொதிகலனோ சீராக ஓடத்தான் விரும்பும். நடுவில் பெரிய இரும்புத் தொட்டி ஒன்றை வைத்தார். மிச்ச நீராவியை அழுத்தத்தில் இருக்கும் வெந்நீருக்குள் செலுத்திக் கரைத்து வைப்பார். தேவைப்படும்போது அழுத்தத்தைக் குறைத்தால் அந்த வெந்நீரில் ஒரு பகுதி தானாகவே நீராவியாகப் பொங்கும்.

1929-ல் பெர்லினின் சார்லோட்டன்பர்க் மின்நிலையம் இப்படி 16 பெரிய தொட்டிகளை நிறுத்தி, சாயங்கால உச்சத்துக்காக 50 மெகாவாட் வரை எடுக்கும்படி அமைத்தது. மேட்டூர் அணைக் கட்டுமானம் நடந்துகொண்டிருந்த அதே காலம்! அப்புறம் எண்ணெய் மலிவானது, மின்வலைகள் பெரிதாகின, தொட்டிகளின் தேவை குறைந்தது. யோசனை மறந்து போனது.

அதைத் திரும்பக் கொண்டுவந்தது சூரிய வெப்ப நிலையங்கள். ஸ்பெயினின் ஆந்தசோல் நிலையத்தில் 2009 வாக்கில் 28,500 டன் உப்பை உருக்கித் தொட்டிகளில் வைத்தார்கள். 60 சதவீதம் சோடியம் நைட்ரேட், 40 சதவீதம் பொட்டாசியம் நைட்ரேட், ரெண்டுமே உரமாகவும் பயன்படுகிற சமாச்சாரம்தான். சூரியன் மறைந்த பிறகும் ஏழரை மணி நேரம் 50 மெகாவாட் ஓடும். ராஜஸ்தானின் அபு ரோட்டில் 1 மெகாவாட் சூரிய வெப்ப நிலையம் ஒன்று வார்ப்பிரும்பில் வெப்பத்தைச் சேர்த்து வைக்கிறது. ஹாம்பர்க்கில் 2019-ல் 1,000 டன் எரிமலைக் கற்களைச் சூடேற்றிச் சோதித்தார்கள்.

நிலக்கரி நிலையத்தோடு இதை இணைக்கும் வேலையில் சீனா முந்திக்கொண்டது. ஜியாங்சு மாகாணத்து ஜிங்ஜியாங் நிலையத்தில் 2022 இறுதியில் உருகிய உப்புத் தொட்டிகள் வேலைக்கு வந்தன. சிலியில் அங்காமோஸ் நிலையத்துக்கு வேறு மாதிரித் திட்டம் முன்வைக்கப்பட்டது. நிலக்கரியை முழுக்க நிறுத்திவிட்டு, சூரிய மின்சாரத்தால் உப்பைச் சூடேற்றி அதே சுழலியை ஓட்டுவது.

மேட்டூருக்கு ஒரு கைக்கணக்கு

இது என் சொந்தக் கணக்கு, தோராயம்தான். நான்கு பழைய அலகுகளும் கொதிகலனை 55 சதவீதத்துக்குக் கீழே இறக்காமல், வெளியே மட்டும் 40 சதவீதம் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 126 மெகாவாட். தினமும் 5 மணி நேரம் என்றால் 630 மெகாவாட்-மணி. இதை மின்சூடேற்றி வழியாக உப்பில் ஏற்றினால், 290 டிகிரியிலிருந்து 540 வரை சூடாகும் ஒரு டன் உப்பு சுமார் 104 யூனிட் வெப்பம் பிடிக்கும். ஆக மொத்தம் 6,000 டன் உப்பு வேண்டும்.

பெரிதாகத் தெரிகிறதா? ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ நிலக்கரி என்று வைத்தால், 840 மெகாவாட்டும் முழு வேகத்தில் ஓடும் நாளில் சுமார் 14,000 டன் எரியும். அதாவது அரை நாள் நிலக்கரியைவிடக் குறைந்த எடை. அதுவும் ஒரு தடவை வாங்கினால் பல வருடத்துக்கு ஆகும். அளவு ஒரு தடையே இல்லை.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. நிலக்கரி வெப்பத்தை மின்சாரமாக்கி, அதைத் திரும்ப வெப்பமாக்கி, மறுபடி மின்சாரமாக்கினால் 630-ல் கைக்கு வருவது 240 யூனிட் மாதிரி. அதே 630-ஐ பேட்டரியில் போட்டால் 530-க்கு மேல் திரும்பி வரும். காடம்பாறை மாதிரி நீரேற்றுத் திட்டத்தில் 480 பக்கம் வரும்.

சரி, மின்சாரமாக்காமல் நீராவியாகவே திருப்பிவிட்டால்? நட்டம் குறையும், ஆனா இயற்பியல் குறுக்கே நிற்கும். 150 மடங்கு அழுத்தத்தில் நீராவி 342 டிகிரியில்தான் தண்ணீராக மாறும். அதன் வெப்பத்தில் பெரிய பங்கைக் கொட்டுவது அந்த மாற்றத்தின்போதுதான். உப்போ 240 டிகிரிக்குக் கீழே போனால் உறைய ஆரம்பிக்கும், அதனால் 290-க்கு மேலேயே வைத்திருப்பார்கள். ஆக, அந்த வெப்பத்தைப் பிடிக்க உப்புக்கு இருக்கும் இடம் 290-க்கும் 342-க்கும் நடுவில் இருக்கும் சின்னச் சந்து. அப்படிப் பிடித்த வெப்பத்திலிருந்து சாயங்காலம் கிடைக்கும் நீராவியும் அழுத்தம் குறைந்தது. சுழலியின் முன்வாசலில் விட முடியாது, நடுவில்தான் விடலாம்.

இதைவிட எளிய வழி ஒன்றும் உண்டு. கொதிகலனுக்குப் போகும் தண்ணீரை முன்கூட்டியே சூடாக்க, சுழலியிலிருந்து கொஞ்சம் நீராவியை எப்போதும் எடுப்பார்கள். மத்தியானம் கூடுதலாக எடுத்து வெந்நீராக்கித் தொட்டியில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் அந்த எடுப்பை நிறுத்திவிட்டால் முழு நீராவியும் சுழலியைச் சுற்றும். கிடைப்பது சில சதவீதம்தான். ஆனால் உப்பு வேண்டாம், தண்ணீரே போதும். ரூத்ஸின் பேரப்பிள்ளை மாதிரி.

அப்போ இது வேலைக்கு ஆகுமா?

தினசரி ஐந்து மணி நேரக் கணக்குக்கு மேட்டூரில் உப்புத் தொட்டி வைப்பதைவிட பேட்டரியும் நீரேற்றும் மேல் என்பதுதான் இந்தக் கணக்குகள் எனக்குச் சொல்வது. ஆரம்பத்தில் நான் எதிர்பார்த்த விடை இது இல்லை. அடுப்பு நினைப்பில் உப்புதான் ஜெயிக்கும் என்று நம்பித்தான் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

ஆனாலும் ரெண்டு இடத்தில் வெப்பச் சேமிப்புக்கு நியாயம் இருக்கிறது.

ஒன்று, நிலக்கரியை நிறுத்தும் நாள். எண்ணூர் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. மேட்டூரின் பழைய அலகுகளுக்கும் ஒரு நாள் வரும். அன்றைக்கு மிஞ்சுவது வெறும் இரும்பு இல்லை. மின்வலைக்கு நிலைத்தன்மை தரும் சுழலி, குளிர்விப்புத் தண்ணீர், உயர் அழுத்தக் கம்பிப் பாதை, இதை எல்லாம் ஓட்டத் தெரிந்த ஆட்கள், அவர்களை நம்பி இருக்கும் ஒரு ஊர். மத்தியானம் வாங்க ஆள் இல்லாமல் குறைத்து ஓட்டச் சொல்லும் சூரிய மின்சாரத்தால் உப்பைச் சூடாக்கினால், 40 சதவீதம் திரும்பினாலும் அது வீணாகப் போக இருந்ததுதானே? அங்காமோஸ் திட்டத்தின் தர்க்கம் அதுதான்.

இரண்டு, வெப்பத்தை வெப்பமாகவே பயன்படுத்தும் இடங்கள். பள்ளிபாளையம், குமாரபாளையம் சாயப்பட்டறைகளையும் காகித ஆலையையும் எடுத்துக்குங்க. இவர்களுக்கு வேண்டியது மின்சாரம் இல்லை, நீராவி. மத்தியானச் சூரிய மின்சாரத்தில் கல்லையோ உப்பையோ சூடேற்றி ராத்திரி நீராவி எடுத்தால், மறுபடி மின்சாரமாக்கும் அந்தப் பெரிய நட்டமே கிடையாது. போட்டதில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். ரூத்ஸும் மின்நிலையத்தில் ஆரம்பிக்கவில்லை, காகிதக்கூழ் ஆலையில்தான் ஆரம்பித்தார் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

நண்பருக்கு இதை எல்லாம் போனில் சொன்னேன். "அப்போ உங்க அப்புச்சி அடுப்பு தோத்துப் போச்சா?" என்று கேட்டுச் சிரித்தார். இல்லை என்றேன். ராத்திரி கிழங்கு வேகவும் காலையில் தண்ணி காயவும்தான் அவர் அந்தச் சூட்டைப் பயன்படுத்தினார். அதில் பல்பு எரிய வைக்கப் பார்க்கவில்லை.

பள்ளிபாளையம் பக்கம் சாயப்பட்டறை கொதிகலன் ஓட்டுபவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு நாளில் எந்த நேரத்தில் எவ்வளவு நீராவி எடுக்கிறீர்கள் என்று சொல்லுங்க. அடுத்த கணக்கை அதை வைத்துத்தான் போட வேண்டும்.